வியாகுலம் வடித்த வித்தகர்

தலைமன்னார், ஈழநாட்டின் வடமேற்கில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் மன்னார்த் தீவின் கடைமுனை. இராமர் அணை என்று ஒரு சாராரும் ஆதாம் பாலம் என்று மற்றொரு சாராரும் வழங்கும் மணற்றிட்டுகள் அம்முனையிலிருந்து இராமேசுவரக் கரையை நோக்கித் தொடர்கின்றன. 1705ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 30ஆம் நாள், சோளகக் காற்று வீசும் பருவத்தில், இருபத்தொன்பது வயதுடைய குருவானவர் ஒருவர் இக்கரையில் வந்திறங்கினார். அவரை எதிர்கொள்ளப் படையில்லை, பாதுகாக்கக் கோட்டையில்லை. மன்னார்க் கோட்டையிலிருந்த ஒல்லாந்தரோ அவரைப் போன்றவர்களைத் தேடிப் பிடிக்கும் கட்டளையுடையவர்கள். அவர்தாம் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார்.

தமிழ் உரைநடையின் வரலாற்றை மாணாக்கர்க்கு எடுத்துரைக்கும்போது, தம்பிரான் வணக்கம் அச்சேறிய 1578ஐச் சொல்லுகிறோம், தத்துவ போதகரைச் சொல்லுகிறோம், வீரமாமுனிவரைச் சொல்லுகிறோம், அங்கிருந்து ஒரே தாவலில் ஆறுமுக நாவலரிடம் வந்து விடுகிறோம். வீரமாமுனிவர் காலத்திலேயே கடலுக்கு இப்பால் வாழ்ந்து, தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றிய கொன்சால்வெஸ் அடிகளாரைப் பற்றி ஒரு வரி சொல்வதும் அரிது. அவர் நூல்களுள் ஒன்று மூன்று நூற்றாண்டாகத் தவக்காலந்தோறும் மக்கள் நாவில் வாழ்ந்து வருகிறது. பாடத்திட்டத்தின் துணையின்றி இத்துணைக் காலம் நிலைத்த உரைநடை நூல்கள் நம்மிடம் எத்தனை உள? இலக்கியங் கற்பிக்கும் எனக்கு இவ்வினா நெடுநாளாக உறுத்தலாய் இருந்தது.

மற்றுமொன்றும் உண்டு. யான் சைவ மரபில் வந்தவன். தன்வினை தன்னைச் சுடும் என்பதைத் தாய்ப்பாலோடு கேட்டு வளர்ந்தவன். ஒருவர் செய்த பாவத்தை மற்றொருவர் சுமந்து தீர்த்தார் என்னும் கிறிஸ்தவக் கொள்கை, சிலுவையின் பொருள் அதுவே என்னும் அவர்தம் துணிபு, என் போன்றார்க்கு எளிதில் விளங்குவதன்று. அதே வினைக்கொள்கையில் ஊறியிருந்த தமிழ் மக்களுக்கு இதை ஒருவர் எங்ஙனம் விளங்க வைத்தார்? அடிகளாரின் வாழ்வை யான் நோக்கப் புகுந்தது இக்கேள்வியோடுதான்.

அவர் பிறந்தது 1676ஆம் ஆண்டு ஜூன் மாதம் 8ஆம் நாள். ஊர், கோவாவைச் சேர்ந்த தீவார் என்னும் ஆற்றிடைத் தீவு. கிறிஸ்தவந் தழுவிய கொங்கணி அந்தணர் குடும்பம். கோவாவில் மெய்யியலும் இறையியலும் கற்றுத் தேர்ந்து 1700இல் குருப்பட்டம் பெற்றார். கல்விக் கூடத்திலேயே இருந்திருந்தால் பேராசிரியராய்ப் பெயர் பெற்றிருப்பார். அவரோ, உள்நாட்டுக் குருமார் ஒன்றுகூடி வாழ்ந்த ஒரட்டோரியன் சபையை நாடிச் சேர்ந்தார். அச்சபையினர் தங்கிய மடத்துக்கு அற்புதச் சிலுவை மடம் என்று பெயர். சிலுவையின் பெயர் தாங்கிய இல்லத்திலிருந்து புறப்பட்டவர், சிலுவையின் துயரைப் பாடியே புகழெய்தினார்.

அவர் வந்து சேர்ந்த மன்னார்க் கரைக்கு அக்குறி புதிதன்று. அங்கு அது முன்னரே இருமுறை வந்திருந்தது. முதன்முறை, 1540களில், பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவர் ஒருவர் வழியாக வந்தது. அதனை ஏற்றவர்களை யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலி 1544இல் கொல்வித்தான். மாண்டோர் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் என்பது மரபு. இன்றும் தோட்டவெளியில் அம்மறைசாட்சிகளின் நினைவு போற்றப்படுகிறது. இரண்டாம் முறை 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டியபோது, வாளோடு சேர்ந்து வந்தது. அவர்கள் காலத்தில்தான் இக்கரையோரத்துத் திருக்கேதீச்சரம் அழிந்தது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் இடிக்கப்பட்டது. ஒரே குறி ஒருகால் வெட்டுண்டவன் கையிலும் மறுகால் வெட்டியவன் கையிலும் இருந்தது. சைவனாகிய யான் இரண்டாவதை மறக்க இயலாது. நடுநின்று நோக்குபவன் முதலாவதை மறைத்தலும் ஆகாது.

1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கவர்ந்தனர். அவர்கள் கல்வின் வழிவந்த சீர்திருத்தக் கிறிஸ்தவர். கத்தோலிக்கக் குருமாரை நாடு கடத்தினர். அவர்களுக்குப் புகலிடம் அளிப்போர்க்கு மரணதண்டனை என்று அவ்வாண்டே பறை சாற்றினர். கோயில்களிலிருந்து சொரூபங்கள் அகற்றப்பட்டன. முப்பது ஆண்டுகள் வரை குருவின்றி, வீட்டின் உள்ளறையில் செபமாலையை ஒளித்து வைத்து, மக்கள் தம் நம்பிக்கையைக் காத்தனர். 1687இல் யோசேவ் வாஸ் முனிவர் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த பின்னரே அவர்களுக்கு மீண்டும் குருப்பணி கிடைத்தது. 2015இல் புனிதராக உயர்த்தப்பெற்றவர் இவரே. அவருக்குத் துணை வேண்டியே 1705ஆம் ஆண்டு மே மாதத்தில் கொன்சால்வெஸ் அடிகளார் கோவாவிலிருந்து புறப்பட்டார்.

மேற்குக் கரையோரமாய் நெடுவழி வந்த அப்பயணத்திலேயே அவர் தமிழ் கற்கத் தொடங்கினார் என்பர். ஈழத்தை அடைந்த பின் கண்டிக்குச் சென்று சிங்களமும் முறையாகப் பயின்றார். 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் வாஸ் முனிவர் கண்டியில் மறைந்தபோது, அவர் தொடங்கிய பணியின் அறிவுப்பாரம் பெரும்பாலும் இவர் தோளில் விழுந்தது. கண்டியை ஆண்ட வீரபராக்கிரம நரேந்திரசிங்கன் 1707 முதல் 1739 வரை அரசு வீற்றிருந்தான். பௌத்த மன்னனாயினும் அவன் இவர் புலமையை மதித்தான். ஒரு புறம் ஒல்லாந்தரின் வேட்டை, மறுபுறம் கண்டியின் அடைக்கலம் என்னும் இரண்டிற்கும் இடையே காடும் கடற்கரையுமாய் அவர் காலம் கழிந்தது.

அக்காலத்தில் அவர் இயற்றிய நூல்கள் தமிழிலும் சிங்களத்திலுமாக முப்பதுக்கு மேற்பட்டவை. தமிழில் தேவ அருள் வேத புராணம், சுவிசேஷ விரித்துரை, கிறிஸ்தியானி ஆலயம், வியாகுலப் பிரசங்கம் முதலியன அவர் பெயரால் வழங்குவன. ஒல்லாந்தர் கொழும்பில் அச்சுப்பொறி நிறுவி 1737இல் முதற் சிங்கள நூலை அச்சிட்டனர். அச்சு அவர்கள் கையில் இருந்தது. அடிகளார் கையில் இருந்தவை எழுத்தாணியும் எழுதுகோலும் படியெடுப்போரின் பொறுமையுமே. ஒருவர் எழுதியதை மற்றொருவர் பெயர்த்தெழுத, ஊர்விட்டு ஊர் சென்று பரவின அவர் நூல்கள்.

அவற்றுள் கண்டன நூல்களும் இருந்தன. பௌத்தம், சைவம், இஸ்லாம், ஒல்லாந்தர் சமயம் ஆகிய எல்லாவற்றையும் மறுத்து அவர் எழுதினார். அக்கால வழக்கம் அது. நம் பக்கத்திலும் அத்தகைய நூல்களுக்குக் குறைவில்லை. எனினும் அவற்றின் விளைவு நல்லதாய் அமையவில்லை. 1740களில், அவர் மறைந்த பின், ஸ்ரீ விஜயராஜசிங்கன் கத்தோலிக்கக் குருமாரைக் கண்டிநாட்டிலிருந்து வெளியேற்றினான். பௌத்தத்தை மறுத்த நூல்கள் மூட்டிய சினமும் அதற்கொரு காரணம். பிறர் சமயத்தைச் சாடிய ஏடுகள் இன்று ஆராய்ச்சியாளர் பார்வைக்கு மட்டுமே உரியனவாய்க் கிடக்கின்றன. எவரையும் சாடாது அழுத ஏடு ஒன்று மட்டும் மக்களிடம் தங்கி விட்டது. வியாகுலப் பிரசங்கமே அது.

அதன் அருமையை அறியுமுன், சிலுவையைப் பற்றி அடிகளார் கற்றிருந்த கல்வியைச் சிறிது நோக்குதல் வேண்டும். பழைய திருச்சபைத் தந்தையர் பலர், இயேசுவின் மரணத்தை அடிமைப்பட்ட மாந்தரை மீட்கக் கொடுத்த விலையாகக் கண்டனர். பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் அன்செல்ம் என்னும் ஞானி இதனைக் கடனாக வைத்து ஆராய்ந்தார். பாவத்தால் இறைவன் மாட்சிக்கு நேர்ந்த குறையை ஈடு செய்யும் கடமை மனிதனுடையது; ஆற்றலோ இறைவனுக்கே உண்டு; ஆதலின் இறைவனே மனிதனாகி ஈடு செய்தல் வேண்டியதாயிற்று என்பது அவர் முடிபு. அவர்க்குப் பின்வந்த அபெலார்து, சிலுவையிற் புலப்பட்ட அன்பைக் கண்டு மனிதன் நெஞ்சு மாறுவதே மீட்பின் பயன் என்ற கருத்தை வலியுறுத்தினார். பதினாறாம் நூற்றாண்டில் கல்வின், மாந்தர்க்குரிய தண்டனையை அவர்க்குப் பதிலாய் இயேசு ஏற்றார் என்பதை முன்னிறுத்தினார். ஒல்லாந்தர் ஈழத்தில் கற்பித்தது இந்நெறியையே.

விலை, கடன், ஈடு, பிணை என்னும் இச்சொற்கள் தமிழர்க்கு அயலானவையல்ல. யாழ்ப்பாணத்துத் தேசவழமையை ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த ஆண்டு 1707. அடிகளார் ஈழத்திற்கு வந்த இரண்டாம் ஆண்டு. ஒற்றி வைத்த காணியை மீட்பது அவ்வழமையின் பெரும்பகுதி. மீட்பு என்றால் என்ன என்பதைப் பனந்தோட்டம் ஒற்றி வைத்த எந்தக் குடியானவனும் அறிவான். ஒருவன் பட்ட கடனை அவன் உறவினன் கொடுத்துத் தீர்ப்பதையும் அவன் கண்டிருப்பான்.

ஆனால் வினை காணியன்று. காணியை மற்றொருவர் மீட்கலாம். வினையை மற்றொருவர் நுகர முடியுமா? நம் சித்தாந்தத்தில் சஞ்சிதவினை அருளால் எரிந்து போகும். பிராரத்தம் நுகர்ந்தே கழியும். அருளாளன் வினையை அறுப்பான் என்பதில் நமக்குத் தடையில்லை. குற்றமற்ற ஒருவர் நம் பொருட்டு அதை நுகர்வது எங்ஙனம் என்பதே தடை. கடன்கணக்கால் மட்டும் விளக்கினால், கொடுத்தவன் ஒருவன், தப்பியவன் ஒருவன் என்று முடியும். கேட்பவன் நெஞ்சில் நன்றி எழலாம். நீதி எங்கே என்ற ஐயமும் உடனெழும்.

அடிகளார் கற்ற கல்விமரபின் பேராசானாகிய தோமா அக்குயினாஸ் இந்த ஐயத்துக்கு ஒரு விடை வைத்திருந்தார். அன்பினால் இருவர் ஒருவரேயாகும்போது, ஒருவர் மற்றவர்க்காக ஈடு செய்தல் கூடும். இயேசு தலை, நம்புவோர் உறுப்புகள். இரண்டும் ஓருடல் என்பது அதன் சாரம். கை செய்த நற்செயல் கால் செய்த பிழைக்கு ஈடாவது, இரண்டும் ஓருடலில் இருப்பதனால் அன்றோ? ஆகவே, சிலுவையின் பொருள் விளங்க வேண்டுமானால் முதலில் அந்த ஒருமை உண்டாக வேண்டும். கேட்பவன் அயலானாய் நிற்கும்வரை கணக்கு ஒப்பாது. உறவினன் ஆனபின் கணக்கே எழாது.

தமிழரிடையே ஒருவரை ஒருவர்க்கு உறவாக்கும் இடம் எது? மண வீட்டுக்கு அழைத்தால்தான் போவோம். சாவீட்டுக்கு அழையாமலே போவோம். அங்கே பெண்கள் தோளோடு தோள் சேர்த்து ஒப்பாரி வைப்பர். இறந்தவனின் நடையையும் பேச்சையும் சொல்லி, அவனைப் பெற்றவள் பட்ட பாட்டைச் சொல்லி, தாம் அவனுக்குச் செய்யத் தவறியதைச் சொல்லி அழுவர். முன்னறியாதவளும் அவ்வழுகையிற் கலந்த பின் அவ்வீட்டுக்கு உரியவள் ஆகிவிடுவாள்.

வியாகுலப் பிரசங்கம் அத்தகைய சாவீடு ஒன்றைக் கோயிலுக்குள் அமைத்துத் தந்தது. ஒன்பது பிரசங்கங்களாய் வகுக்கப்பட்ட அந்நூல் இயேசுவின் பாடுகளைப் படிப்படியாக எடுத்துரைக்கிறது. செய்யுளன்று, வசனம். எனினும் வாசிப்பதற்கன்றி, இழுத்து நீட்டும் சோக இராகத்தில் ஓதுவதற்கென்றே அமைந்தது. தவக்கால மாலையில் கோயிலில் ஒருவர் மாறி ஒருவர் ஓத, ஊரவர் முழந்தாளிட்டுக் கேட்பர். வியாகுலம் என்னும் சொல் கத்தோலிக்கர் வழக்கில் மகனை இழந்த மரியன்னையின் துயரையும் நினைவூட்டுவது. பாடுபட்டவரின் நோவும் பெற்றவளின் நோவும் கேட்போர் நோவோடு ஒன்றாய்க் கலக்கின்றன. இதே பொருளில் சிங்களத்தில் அவர் யாத்த துக்பிராப்தி பிரசங்கமும் பசன் ஓதும் மரபாகச் சிங்களக் கத்தோலிக்கரிடையே நிலைத்தது. இரு மொழியினரும் ஒரு புலவர் வடித்த துயரை ஒரே பருவத்தில் ஓதி அழுவது ஈழத்து வரலாற்றில் எளிதில் காணக் கிடைக்காத காட்சி.

ஒல்லாந்தர் கோயிற் சுவர்கள் வெறுமையாய் இருந்தன. சொல்லே போதும், உருவம் வேண்டா என்பது அவர்கள் கொள்கை. அடிகளார் மரபில் சொல்லோடு உருவமும் சேர்ந்தது. சொரூபங்களை இயக்கிப் பாடுகளின் காட்சிகளைக் காட்டும் முறை அவர் நூல்களோடு இயைந்து வளர்ந்தது. தமிழில் அதனை உடக்குப் பாஸ் என்பர். மன்னார்த் தீவில் தலைமன்னாருக்குச் செல்லும் வழியிலுள்ள பேசாலையும், நீர்கொழும்பை அடுத்த துவ என்னும் மீனவர் ஊரும் பாஸ்கு நிகழ்ச்சிக்குப் பெயர் பெற்றவை. சிலுவையிலிருந்து இறக்கிய திருவுடலைக் கண்டு கூட்டம் விம்மும்போது, அங்கே நாடகம் பார்ப்பவர் எவருமில்லை. இழவுக்கு வந்தவரே உளர்.

இதற்கு மறுப்புக் கூறுவோர் உண்டு. பண்டிதர் சிலர், வடசொல்லும் போர்த்துக்கேயச் சொல்லும் பேச்சுச் சொல்லும் விரவிய நடை இலக்கியம் ஆகாது என்பர். யான் இலக்கணம் கற்பிப்பவன். அந்நடையின் தளர்ச்சியை அறியாதவனல்லன். ஆயினும் எழுத்தறியாத வலைஞர் மனைவியும் காதாற் கேட்டு மனனஞ் செய்யத்தக்க வசனத்தை ஆக்குவது, யமகமும் திரிபும் பாடுவதினும் எளிய வேலை என்று எவரும் கருதற்க. சொற்றொடர் மூச்சின் அளவுக்கு அமைந்து, இராகம் நிற்குமிடத்தில் பொருளும் நிற்க வேண்டும். அது செவிக்கு இலக்கணம்.

மற்றொரு மறுப்பு இதினும் வலியது. அழுதுவிட்டு எழுந்து போவதால் என்ன பயன்? கண்ணீர் உலர்ந்தபின் பழைய வாழ்வே தொடரும் என்றால் சிலுவையின் பொருள் விளங்கியது எங்ஙனம்? இதில் உண்மை உண்டு. இன்னும் ஓர் இடரும் உண்டு. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் பாடுகளின் நாடகத்தைக் கண்டவர், அழுகை முடிந்ததும் யூதர்மேல் சினந்து எழுந்த காலங்கள் இருந்தன. அப்பழியை யூத இனத்தார்மேல் சுமத்தலாகாது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாக உரைத்தது. அழுகை பிறர்மேல் விரல் நீட்டினால் பகையாகும். அதனைக் காப்பது ஒன்றே. பாடுகளின் பிரசங்கம் தன் முடிவில் கேட்போனை நோக்கித் திரும்பி, இந்நோவுக்குக் காரணம் உன் பாவமே என்று உணர்த்துதல் வேண்டும். அதுவே அவ்வகைப் பிரசங்கத்தின் பழைய நெறி. ஒப்பாரியில் எழும் தன்குறை கூறல் இங்கே மனந்திரும்புதல் ஆகிறது. தன்வினை தன்னைச் சுடும் என்ற நம் முன்னோர் மொழி அங்கே பொய்யாவதில்லை. தன்வினை தன் உறவான ஒருவரைச் சுட்டதைக் கண்டு நெஞ்சு சுடுகிறது; அச்சூட்டில்தான் மனம் இளகுகிறது. யான் கிறிஸ்தவனல்லன்; அக்கொள்கையை ஏற்றேன் என்று சொல்லேன். ஆனால் அது நீதிக்குப் புறம்பான கணக்கன்று, ஓருடலானவர் பேசும் மொழி என்பதை அடிகளார் வாழ்வே எனக்கு விளக்கிற்று.

அவர் வாழ்வின் பிற்பகுதி, மகா ஓயாவுக்கு வடக்கேயுள்ள போலவத்தை என்னும் ஊரில் கழிந்தது. அங்கிருந்தே நூல்களைத் திருத்தியும் படியெடுப்பித்தும் அனுப்பினார். 1742ஆம் ஆண்டு ஜூலை மாதம் 17ஆம் நாள், அறுபத்தாறாம் வயதில், அவ்வூரிலேயே உயிர்நீத்தார். இந்நாட்டுக்கு வந்து முப்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. பிறந்த ஊருக்கு அவர் மீளவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் கண்டியின் அடைக்கலமும் இல்லாது போயிற்று. குருமார் குறைந்த அக்காலத்தும் ஏடுகள் இருந்தன, ஓதுவார் இருந்தனர். ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் முடிவுற்றது. அவர்கள் அச்சிட்டுப் பரப்பிய சமயம் அவர்களோடு பெரும்பாலும் கப்பலேறியது. கையெழுத்தேட்டில் கரந்து வாழ்ந்தது கரையிலேயே தங்கிற்று.

மன்னாருக்கு மூன்றாம் முறை வந்த சிலுவையை அடிகளார் கொணர்ந்தார். அவர் அதனை எவர் தலைமேலும் ஓங்கவில்லை; எழுத்தால் ஓங்கிய இடங்களில் அது நிலைக்கவுமில்லை. துன்புற்ற மக்கள்முன் துன்புற்ற ஒருவரின் உடலைக் கிடத்தி, இவர் உங்களவர் என்று அழக் கற்பித்த இடத்தில் அது வேரூன்றியது. போரும் இழப்பும் பல கண்ட அக்கரையோர மக்கள், தம் சொந்த இறந்தோரையும் அவ்வோசையினூடே நினைந்து அழுதிருப்பர் என்பதில் ஐயமில்லை.

தமிழாசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் ஒரு வேண்டுகோள். சமயம் எதுவாயினும் ஆகுக. வரும் தவக்காலத்தில் ஒரு மாலைப்பொழுது மன்னார்ப் பகுதிக் கோயில் ஒன்றின் வாயிலில் நின்று வியாகுலப் பிரசங்கம் ஓதுவதைச் செவிமடுங்கள். முதியவர் நாவில் எஞ்சியிருக்கும் இராகத்தைப் பதிந்து வையுங்கள்; வீடுகளில் உள்ள கையெழுத்தேடுகளைச் செல்லுக்கு இரையாகாமற் காத்து ஒப்புநோக்குங்கள். கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் நம் சாவீட்டின் மொழியைக் கற்று நமக்கே அளித்த செல்வம் அது. உரைநடை வரலாற்றில் அவருக்குரிய பக்கத்தை எழுதும் கடன் தமிழ் கற்ற நம்முடையது.